சுவிண்டன் நகரின் சுழல்தட்டு: கைவிடப்பட்ட கருவியொன்றின் மறுவாழ்வு

தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் வெற்றிபெற்றவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. குதிரை வண்டியை மோட்டார் வண்டி வென்றது, எண்ணெய் விளக்கை மின்விளக்கு வென்றது, இசைத்தட்டை இறுவட்டு வென்றது என்றவாறு, ஒவ்வொரு கருவியும் தனக்குப் பின்வந்த கருவிக்கு இடம்விட்டு ஒதுங்குவதாகவே பாடநூல்கள் கூறுகின்றன. ஒதுங்கிய கருவி அதன்பின் என்னவாயிற்று என்பதை அவை பெரும்பாலும் கேட்பதில்லை. ஆயின், ஒதுக்கப்பட்ட சில கருவிகள் அழியாது நின்று, தம்மை ஒதுக்கியவற்றின் அழிவையும் கண்டு, மீண்டும் மனிதரின் கைக்கு வந்து சேர்ந்துள்ளன. அவ்வாறு மீண்டு வந்தவற்றுள் ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருவான இசைத்தட்டுச் சுழலமைப்பாகும்.

இசைத்தட்டைத் தாங்கிச் சுழலும் தட்டு, அதனை இயக்கும் மோட்டார், இரண்டையும் இணைக்கும் பொறியமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே சுழல்தட்டு எனப்படுவது. ஊசியைத் தாங்கும் கை, பெருக்கி, ஒலிபெருக்கி ஆகியன அதனோடு சேர்த்து இணைக்கப்படுவன. சுவிண்டன் நகரிலிருந்த கராட் நிறுவனம் 1953ஆம் ஆண்டில் 301 என்னும் இலக்கத்தோடு ஒரு சுழல்தட்டை வெளியிட்டது. அதனை வெளியிட்ட தொழிற்சாலை இன்று இல்லை. அதனை உருவாக்கிய தொழிலாளர் கூட்டமும் கலைந்துவிட்டது. எனினும், அக்கருவியைத் தேடிப்பிடித்து, துருவகற்றி, எண்ணெயிட்டு, நாள்தோறும் இயக்கி மகிழும் ஒலியார்வலர்கள் யப்பானிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றனர். இவ்விருப்பம் எங்ஙனம் தோன்றியது? இது வெறும் பழமைப் பற்றா? இவ்விருப்பத்தினால் காப்பாற்றப்பட்டது எது, காப்பாற்றப்படாது போனது எது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு அக்கருவியின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து நோக்குதல் வேண்டும்.

சீரான சுழற்சி என்னும் சிக்கல்

1877இல் எடிசன் உருவாக்கிய ஒலிப்பதிவுக் கருவி உருளையை அடிப்படையாகக் கொண்டது. ஜேர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை பெற்ற கிராமபோனோ தட்டை அடிப்படையாகக் கொண்டதாயிற்று. உருளையைக் காட்டிலும் தட்டுக்கிருந்த தலையாய நன்மை, ஒரே அச்சிலிருந்து பல்லாயிரம் படிகளை அழுத்தி எடுக்கலாம் என்பதே. இசை ஒரு கைத்தொழிற் பண்டமாக மாறியமைக்கு இதுவே வழிசெய்தது. ஆயின் பெர்லினரின் ஆரம்பக் கருவிகள் கையினாற் சுழற்றப்பட்டன. சுழற்றுபவரின் கை தளர்ந்தால் சுரமும் தளர்ந்தது. 1896இல் எல்றிட்ஜ் ஜோன்சன் என்னும் அமெரிக்க இயந்திர வினைஞர் நம்பகமான சுருள்வில் மோட்டாரைச் செய்தளித்த பின்னரே கிராமபோன் இல்லங்களுக்கு உரிய கருவியாயிற்று.

இங்கு ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. இசைத்தட்டில் சுருதி என்பது வேகமே. தட்டு ஒரு சிறிதளவு விரைந்தாற் சுருதி உயரும்; ஒரு சிறிதளவு தாமதித்தால் அது தாழும். நீண்டொலிக்கும் பியானோச் சுரமொன்று நடுங்குவதை இசையறியாதவரும் உணர்ந்துகொள்வர். ஆகவே தட்டைச் சீராகச் சுழற்றுவது எவ்வாறு, சுழற்றும் மோட்டாரின் அதிர்வு ஊசியை எட்டாது தடுப்பது எவ்வாறு என்னும் இரு வினாக்களே சுழல்தட்டின் முழு வரலாற்றையும் நடத்திச் சென்றன. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை. தட்டை உறுதியாகச் சுழற்றவேண்டுமாயின் மோட்டாரை அதனோடு இறுகப் பிணைத்தல் வேண்டும். அதிர்வைத் தடுக்கவேண்டுமாயின் மோட்டாரை அதனின்றும் விலக்கி வைத்தல் வேண்டும். பின்வந்த பொறியியலாளர் ஒவ்வொருவரும் இம்முரண்பாட்டுக்குத் தத்தம் வழியில் ஓர் இணக்கம் கண்டனர் எனலாம்.

பொன்வணிகரும் புகையிரத நகரும்

கராட் என்னும் பெயர் முதலில் இசையோடு தொடர்புடையதன்று. அது பிரித்தானிய அரச குடும்பத்தின் முடியணிகளைப் பேணிய இலண்டன் பொன்வணிகரின் பெயர். முதலாம் உலகப் போர்க்காலத்தில், 1915ஆம் ஆண்டு, பீரங்கிப் படைக்கு வேண்டிய தூரமானிகளைச் செய்வதற்காக அவ்வணிகரால் ஒரு பொறியியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. நுண்ணிய உலோக வேலையில் வல்ல கைகள் போருக்குத் தேவைப்பட்டமையே இதற்குக் காரணம். போர் முடிந்ததும் தூரமானிக்குத் தேவையில்லாது போயிற்று. கைகளும் கருவிகளும் எஞ்சின. அக்காலத்தில் கிராமபோன் உற்பத்தியாளர்கள் நல்ல சுருள்வில் மோட்டார்களைத் தேடிக்கொண்டிருந்தனர். கராட் நிறுவனம் அத்தேவையை நிறைவு செய்ய முன்வந்து, 1919இல் சுவிண்டன் நகருக்கு இடம்பெயர்ந்தது.

சுவிண்டன் ஒரு புகையிரத நகர். கிரேட் வெஸ்ரேண் புகையிரதக் கம்பனியின் பெருந்தொழிற்சாலை 1843 முதல் அங்கு இயங்கி வந்தது. இரும்பைக் கடைவதிலும் வார்ப்பதிலும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய குடும்பங்கள் அந்நகரில் வாழ்ந்தன. பொன்வணிகரின் நுணுக்கமும் புகையிரதத் தொழிலாளரின் உறுதியும் ஒரே ஊரிற் சந்தித்தமை, பின்னர் அங்கு உருவான பொருட்களின் இயல்பை நிர்ணயித்தது எனக் கொள்வது தவறாகாது. சுருள்வில் மோட்டார்களிலிருந்து மின்மோட்டார்களுக்கும், பின்னர் தட்டுகளைத் தாமாகவே மாற்றும் கருவிகளுக்கும் அந்நிறுவனம் முன்னேறியது.

மூன்று வேகங்களும் ஒரு கருவியும்

அதுவரை வழங்கிய இசைத்தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று என்னும் வேகத்திற் சுழன்றன. அவற்றின் முக்கிய மூலப்பொருளான அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே பெறப்பட்டது. தட்டின் ஒரு பக்கம் நான்கைந்து நிமிடங்களுக்கு மேல் ஒலிக்கவில்லை. 1948 யூன் மாதத்தில் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் வைனைல் பிளாஸ்திக்கினாற் செய்யப்பட்ட நெடுநேர இசைத்தட்டை அறிமுகஞ் செய்தது. அது 33⅓ சுற்று வேகத்திற் சுழன்று, பக்கமொன்றுக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் ஒலித்தது. மறுவருடம் ஆர்.ஸி.ஏ. விக்ரர் நிறுவனம் 45 சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தது. வணிகப் போட்டியின் விளைவாகக் கேட்போர் மூவகைத் தட்டுகளையும் மூவகை வேகங்களையும் எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.

மெதுவான வேகமும் நுண்ணிய பள்ளமும் பழைய மோட்டார்களின் குறைகளை அம்பலப்படுத்தின. 78 சுற்றுத் தட்டின் இரைச்சலில் மறைந்திருந்த மோட்டார் உறுமல், வைனைல் தட்டின் அமைதியில் தெளிவாகக் கேட்டது. இச்சூழ்நிலையிலேயே 301 தோன்றியது. அதன் உள்ளமைப்பு எளிமையானது. நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை சுழலும் வலிய மின்மோட்டார் ஒன்று சுருள்விற்களில் தொங்கவிடப்பட்டிருந்தது. அதன் அச்சில் மூன்று படிகளுள்ள கப்பி பொருத்தப்பட்டது. இறப்பர் விளிம்புடைய இடைச்சில்லு ஒன்று ஒருபுறம் கப்பியையும் மறுபுறம் தட்டின் உள்விளிம்பையும் தொட்டுச் சுழன்றது. சில்லு எந்தப் படியைத் தொடுகின்றதோ அதற்கேற்ப வேகம் அமைந்தது. காந்தமொன்றை நகர்த்தி வேகத்தைச் சிறிதளவு கூட்டவும் குறைக்கவும் வசதி இருந்தது. கருவியை நிறுத்தியதும் இடைச்சில்லு தானே விலகி நின்றது; ஆதலால் இறப்பர் ஓரிடத்தில் அழுந்திப் பள்ளமாவது தவிர்க்கப்பட்டது. கனத்த அலுமினியத் தட்டு, தடித்த வார்ப்பு அடித்தளம், நுணுக்கமாகக் கடையப்பட்ட அச்சுத் தாங்கி ஆகியன அதன் ஏனைய சிறப்புகள்.

மற்றுமோர் இயல்பும் கவனிக்கத்தக்கது. 301 ஒரு முழுமையான கருவியாக விற்கப்படவில்லை. ஊசிக்கையும் மரப்பெட்டியும் வாங்குபவரின் பொறுப்பாகவே விடப்பட்டன. வானொலி நிலையங்கள் தத்தம் மேசைகளிற் பதித்துக்கொள்ள இது வசதியாயிருந்தது, பி.பி.ஸி. நிலையத்திலும் 301 இடம்பெற்றது. அன்று வசதிக்காக மேற்கொள்ளப்பட்ட இவ்வணிக முடிவே அரை நூற்றாண்டின் பின் அக்கருவியின் உயிரைக் காத்தது என்பதைப் பின்னர் காணலாம்.

ஒதுக்கப்பட்டமைக்குரிய காரணங்கள்

301 ஒதுக்கப்பட்டமைக்கு நியாயமான தொழில்நுட்பக் காரணம் ஒன்று இருந்தது. ஒற்றையொலித் தட்டிற் பள்ளம் பக்கவாட்டில் மட்டுமே அசைந்தது. ஆகவே மேல்கீழாக எழுந்த மோட்டார் அதிர்வை ஊசி பெருமளவு பொருட்படுத்தவில்லை. 1958ஆம் ஆண்டளவில் சந்தைக்கு வந்த இரட்டையொலித் தட்டுகளில் பள்ளத்தின் மேல்கீழ் அசைவும் இசையின் ஒரு கூறாயிற்று. இசையை ஏற்ற வழியே உறுமலும் உள்நுழைந்தது. இதுவரை பாதகமற்றதாயிருந்த குறையொன்று, தட்டின் இயல்பு மாறியமையாற் பெருங்குறையாயிற்று.

1961இல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் இதற்கு மாற்றுவழி கண்டார். அக்கூஸ்ரிக் றிசேர்ச் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த சுழல்தட்டில் மோட்டார் மிகச் சிறியது. அது மெல்லிய இறப்பர்ப் பட்டியினாலே தட்டைச் சுழற்றியது. தட்டும் ஊசிக்கையும் ஒரே சட்டத்தில் அமைந்து, மோட்டாரினின்றும் பிரிந்து, சுருள்விற்களில் மிதந்தன. சுவிற்சர்லாந்தின் தோரன்ஸ் நிறுவனம் 1965இல் வெளியிட்ட டி.டி. 150 இதே கோட்பாட்டைப் பின்பற்றியது. 1970களின் தொடக்கத்தில் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உருவான லின் சொன்டெக் இம்மரபை மேலும் செம்மைப்படுத்தியது. மோட்டாரைத் தட்டோடு பிணைப்பதா, விலக்குவதா என்ற வினாவுக்கு விலக்குவதே விடை என்பது பிரித்தானிய இசைச் சஞ்சிகைகளின் பொதுக் கருத்தாயிற்று.

யப்பானில் மற்சுஷிற்றா நிறுவனம் மூன்றாவது வழியொன்றைக் கண்டது. அதன் ரெக்னிக்ஸ் பிரிவு 1970இல் வெளியிட்ட எஸ்.பி. 10 என்னும் சுழல்தட்டில் கப்பியுமில்லை, சில்லுமில்லை, பட்டியுமில்லை. தட்டின் அச்சே மோட்டாரின் அச்சு. மோட்டார் தட்டின் வேகத்திலேயே மெதுவாகச் சுழன்றது. இலத்திரனியற் சுற்று வேகத்தைக் கட்டுப்படுத்தியது. உறுமலும் வேகத் தளம்பலும் அளவு கருவிகளாற் காண்பதற்கே அரிதாகும் அளவுக்குக் குறைந்தன.

கராட் நிறுவனம் 1965இல் 401 என்னும் திருத்திய வடிவத்தை வெளியிட்டதாயினும் அடிப்படையை மாற்றவில்லை. அதற்கு முன்னரே, 1960இல், அந்நிறுவனம் பிளெஸி என்னும் பெருங்குழுமத்தின் உடைமையாகியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் பணியாற்றிய சுவிண்டன் தொழிற்சாலையின் வருவாய் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தைக்குச் சென்ற மலிவான தட்டுமாற்றிகளிலேயே தங்கியிருந்தது. யப்பானியப் பொருட்கள் அச்சந்தையைக் கைப்பற்றியபோது தொழிற்சாலை தளர்ந்தது. 1979இல் கராட் பிறேசில் நாட்டின் கிராடியென்ரே நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, உற்பத்தியும் அந்நாட்டுக்குப் பெயர்ந்தது. சுவிண்டனின் புகையிரதத் தொழிற்சாலையும் 1986இல் மூடப்பட்டது. இடைக்காலத்தில், 1982 ஒக்ரோபர் மாதத்தில், யப்பானில் இறுவட்டு விற்பனைக்கு வந்தது. 1988இல் அமெரிக்காவில் இறுவட்டின் விற்பனை நெடுநேர இசைத்தட்டின் விற்பனையை விஞ்சியது. அத்தோடு 301 மட்டுமன்றி, அதனை வென்ற பட்டிச் சுழல்தட்டும் நேரியக்கச் சுழல்தட்டும் கூடப் பழம்பொருட்களாயின.

யப்பானியரின் செவி

வானொலி நிலையங்களும் இல்லங்களும் கழித்துவிட்ட 301 சுழல்தட்டுகள் பிரித்தானியாவில் மிகக் குறைந்த விலைக்குப் போயின. அவற்றை விரும்பி வாங்கியோருட் பலர் யப்பானியர். நேரியக்கச் சுழல்தட்டினால் சுவிண்டன் தொழிலை வீழ்த்திய அதே நாட்டவரே அதன் பழம்பொருளைப் போற்றியோராயும் இருந்தமை வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. ஆயின் அதற்கும் சமூகக் காரணங்கள் உண்டு. யப்பானில் இசைத்தட்டு ஊன்றிக் கேட்டற்குரியதொன்றாக மதிக்கப்பட்டது. 1933இல் யொக்கொகாமாவில் தொடங்கப்பட்ட சிகுசா போன்ற ஜாஸ் தேநீர்க் கடைகள் இதற்குச் சான்றாகும். வெளிநாட்டு இசைத்தட்டு சாதாரண ஊழியரின் சக்திக்கு அப்பாற்பட்டதாயிருந்த காலத்தில், ஒரு கோப்பைக் கோப்பியின் விலையில், சிறந்த கருவியில் இசைத்தட்டைக் கேட்பதற்கு அக்கடைகள் வாய்ப்பளித்தன. அங்கு பேசுதல் கூடப் பல வேளைகளில் விரும்பப்படுவதில்லை. மேலும், 1924 முதல் வெளிவந்த வானொலிச் சோதனைச் சஞ்சிகையொன்றின் வழியாகத் தாமே பெருக்கிகளை அமைத்துக்கொள்ளும் மரபும் அந்நாட்டில் வேரூன்றியிருந்தது.

இவ்விரு மரபுகளிலும் பயின்றோர் புதிய கருவியின் அளவுத் தாளைக் கண்டு மயங்காது, பழைய கருவியை மீண்டும் கேட்டுப் பார்த்தனர். வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகள், பழைய அமெரிக்கத் திரையரங்க ஒலிபெருக்கிகள், கராட், தோரன்ஸ் சுழல்தட்டுகள் என்பன அவர்களாற் சேகரிக்கப்பட்டன. யப்பானிலிருந்து இந்நோக்கு பிரான்சுக்குச் சென்றது. ஜீன் ஹிராகா என்னும் எழுத்தாளர் 1970களின் பிற்கூறில் தோன்றிய பிரெஞ்சுச் சஞ்சிகை வழியாக யப்பானிய ஆர்வலரின் கருத்துகளை ஐரோப்பியர்க்கு அறிமுகஞ் செய்தார். ஈற்றில் பிரித்தானியர் தாம் எறிந்ததன் மதிப்பைப் பிறர் வாயிலாக அறிந்துகொண்டனர். எறிந்த பொருள் அரிதானதும் அதன் விலை உயர்ந்தது.

கருவி பிழைத்தமைக்குரிய காரணங்கள்

விருப்பம் மட்டும் ஒரு கருவியைக் காப்பாற்றிவிடாது. அக்கருவி காப்பாற்றப்படக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். 301இன் அமைப்பில் அதற்கான மூன்று பண்புகள் காணப்பட்டன.

முதலாவது, அதன் பாகங்கள் யாவும் கழற்றப்படக்கூடியவை. திருகாணியைக் கழற்றி, அச்சுத் தாங்கியைத் துடைத்து, புதிய எண்ணெயிட்டு, தேய்ந்த இடைச்சில்லுக்குப் பதிலாகப் புதியதொன்றைக் கடைந்து பொருத்தச் சாதாரணப் பட்டறை போதும். இதற்கு மாறாக, பிற்காலத்து நேரியக்கச் சுழல்தட்டொன்றின் ஒருங்கிணைந்த சுற்று பழுதானால், அச்சுற்றை உற்பத்தி செய்தோர் அதனைக் கைவிட்டிருப்பின், பிறிதொரு கருவியிலிருந்து கழற்றி எடுப்பதன்றி வேறு வழி அரிது. இறுவட்டுக் கருவியின் லேசர் பாகத்தின் நிலையும் அத்தகையதே. புதியது பழையதைக் காட்டிலும் விரைவில் முதுமையடைந்தமைக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இரண்டாவது, அது பெட்டியின்றி விற்கப்பட்டமை. 301இன் பெருங்குறை உறுமல் என்பது மேலே கூறப்பட்டது. அக்குறையின் ஒரு பகுதி மோட்டாரிலன்றி, அதனைத் தாங்கிய மெல்லிய மரப்பெட்டியிலேயே இருந்தது. பிற்கால ஆர்வலர் பலகைகளை அடுக்கி ஒட்டிய கனத்த அடித்தளங்களையும் கற்பலகைகளையும் பயன்படுத்தி உறுமலைப் பெரிதும் குறைத்தனர். வடிவமைப்பாளர் நிறைவு செய்யாது விட்ட இடத்தை இன்னொரு தலைமுறை நிறைவு செய்தது.

மூன்றாவது, மோட்டாரின் வலிமை. இசை உரத்து எழும்போது ஊசிக்கும் பள்ளத்துக்குமிடையே உராய்வு கூடுகின்றது. மெல்லிய பட்டியினாற் சுழலும் தட்டு அப்போது கணப்பொழுது தயங்குமென்றும், இடைச்சில்லினாற் சுழலும் தட்டு அவ்வாறு தயங்காதென்றும் ஆர்வலர் வாதிடுவர். தாளத்தின் உறுதி இதனாலேயே விளைகின்றது என்பது அவர்களின் கூற்று. பட்டிச் சுழல்தட்டை விரும்புவோர் இதனை ஏற்பதில்லை. கனத்த தட்டின் சுழலுந்தமே போதுமென்பது அவர்களின் மறுப்பு.

செவியின் சாட்சியும் அதன் எல்லையும்

இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. ஆர்வலர் கூறுவது உண்மையிலேயே செவிக்குப் புலனாகும் வேறுபாடா, அன்றி விருப்பம் விளைவித்த மயக்கமா? அளவுகளின்படி நோக்கின் இறுவட்டே மேலானது. அதன் ஒலிவீச்சு ஏறத்தாழ 96 டெசிபெல். இசைத்தட்டோ 70 டெசிபெலை எட்டுவதே அரிது. உறுமல், வேகத் தளம்பல், கீறல் ஒலி என்பன இறுவட்டில் இல்லை. இதனை மறுப்பது அறிவுக்குப் பொருந்தாது.

2022ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இவ்விவாதத்துக்கு ஒரு கடுஞ்சோதனையாக அமைந்தது. பழைய ஒலிநாடாக்களிலிருந்து உயர்தர இசைத்தட்டுகளை வெளியிட்டு வந்த மொபைல் பிடெலிற்றி நிறுவனத்தின் தட்டுகள், இலக்க முறை கலவாத தூய ஒலிக்கு இலக்கணமென ஆர்வலராற் போற்றப்பட்டு வந்தன. அத்தட்டுகள் பலவற்றின் தயாரிப்பில் பல்லாண்டுகளாக இலக்கமுறைப் பதிவு ஓர் இடைப்படியாகப் பயன்பட்டு வந்துள்ளதென்பது அப்போது வெளியாயிற்று. இலக்க ஒலியை உடனே இனங்கண்டுகொள்வோம் எனக் கூறியவர்கள் அதனை இனங்காணவில்லை. வாங்கியோர் வழக்குத் தொடர்ந்தனர். நிறுவனம் இணக்கத் தீர்வுக்கு உடன்பட்டது.

இச்சம்பவத்திலிருந்து ஆர்வலரின் செவி பொய் சொல்கின்றது என்று முடிவு செய்வது அவசரமாகும். அத்தட்டுகள் இனிமையாக ஒலித்தன என்று அவர்கள் கூறியது பொய்யன்று. அவ்வினிமைக்கு அவர்கள் கற்பித்த காரணமே பிழைபட்டது. செவி தன் விருப்பத்துக்குச் சாட்சி சொல்ல வல்லது. காரணத்துக்குச் சாட்சி சொல்ல வல்லதன்று. இவ்வேறுபாட்டை உணர்ந்து நோக்கின், பழைய சுழல்தட்டின் மீதான பற்றுக்கு ஒலி மட்டுமே அடிப்படையன்று என்பது தெளிவாகும். தட்டை உறையிலிருந்து எடுத்தல், தூசி துடைத்தல், ஊசியை மெல்ல இறக்குதல், இருபது நிமிடம் அமர்ந்திருந்து பின் தட்டைத் திருப்புதல் ஆகிய செயல்களில் கேட்பவரும் இசையின் நிகழ்த்துகையிற் பங்குகொள்கின்றார். கருவி பழுதுற்றால் அதனைத் திறந்து பார்க்கவும், புரிந்துகொள்ளவும், செப்பனிடவும் அவரால் இயலும். மூடிய பெட்டிகளினுள்ளே மறைந்துவிட்ட இயந்திர உலகில் இப்புரிதலுக்கு ஒரு தனி மதிப்புண்டு.

இப்பற்று பழமையைப் போற்றும் வசதிபடைத்தோர்க்கு மட்டும் உரியதுமன்று. ரெக்னிக்ஸ் 1972இல் வெளியிட்டு 1979இல் திருத்தியமைத்த எஸ்.எல். 1200 சுழல்தட்டை நியூயோர்க் நகரின் ஆபிரிக்க அமெரிக்க இளைஞர் முதலானோர் இசைக் கருவியாகவே கையாண்டனர். கையினாற் பின்னோக்கித் தள்ளினாலும் கணத்தில் வேகத்தை மீட்டுக்கொள்ளும் அதன் வலிமை, ஹிப்ஹொப் இசையின் வளர்ச்சிக்குத் துணையாயிற்று. அறையில் அமைதியாக அமர்ந்து கேட்பதற்கென வடிவமைக்கப்பட்ட கருவிக்கு அதன் வடிவமைப்பாளர் எண்ணியிராத பயனை வேறொரு சமூகம் கண்டது. இறுவட்டுக் காலத்திலும் இசைத்தட்டு அழுத்தும் ஆலைகள் முற்றாக மூடப்படாமைக்கு அவ்விளைஞரின் தேவையும் ஒரு காரணம்.

பொருளும் பட்டறையும்

அண்மைய ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 2020இல் அமெரிக்காவில் இசைத்தட்டின் விற்பனை வருவாய் இறுவட்டினதை விஞ்சியது. 1986க்குப் பின் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதற்றடவை. 2022இல் எண்ணிக்கையிலும் அது முந்தியது. அவ்வாண்டில் ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம் இசைத்தட்டுகளும் 3 கோடியே 30 இலட்சம் இறுவட்டுகளும் விற்பனையாயின. இதனை இசைத்தட்டின் வெற்றியெனக் கொண்டாடுவோர் பலர். ஆயின் வெற்றியின் அடித்தளம் எவ்வளவு ஒடுங்கியதென்பதைச் சில நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

2020 பெப்ரவரியில் கலிபோர்னியாவின் பானிங் நகரிலிருந்த அப்பலோ நிறுவனத்தின் ஆலை தீயினால் அழிந்தது. இசைத்தட்டின் மூல அச்சை வெட்டுவதற்கு வேண்டிய அரக்குப் பூச்சுத் தட்டுகளைச் செய்த ஆலைகள் அக்காலத்தில் உலகில் இரண்டே இருந்தன. ஒன்று அது, மற்றையது யப்பானில் இருந்தது. ஒரு நாள் தீயில் உலக இசைத்தட்டுத் தொழிலே ஒரே ஆலையை நம்பி நிற்க நேர்ந்தது. ரெக்னிக்ஸ் 2010இல் நிறுத்திய எஸ்.எல். 1200 உற்பத்தியை 2016இல் மீண்டும் தொடங்கியபோது, பழைய பாகங்களுக்கான அச்சுகள் பெரும்பாலும் இல்லாதொழிந்திருந்தமையால், ஏறத்தாழ யாவற்றையும் புதிதாக அமைக்க வேண்டியதாயிற்று. ஆறே ஆண்டுகளில் ஒரு பெரும் நிறுவனத்துக்கே இந்நிலை எனின், ஏனையவற்றின் நிலையைக் கூறவேண்டியதில்லை.

கராட்டின் கதையும் இத்தகையதே. 1990களில் இங்கிலாந்தின் லொறிகிராவ்ற் நிறுவனம் கராட்டின் பெயரில் 501 என்னும் சுழல்தட்டைச் சிறிய அளவிற் செய்தது. 2018இல் கராட் என்னும் பெயர், கேடன்ஸ் என்னும் இந்தியத் தொழிற்குழுவின் உடைமையாகிவிட்ட பிரித்தானிய எஸ்.எம்.ஈ. நிறுவனத்தின் வசமாயிற்று. அந்நிறுவனம் முதலில் மேற்கொண்ட பணி பழைய 301 கருவிகளை வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றிச் செப்பனிட்டு, புதியனபோல் விற்பதாகும். ஒரு காலத்தில் முழு நகரொன்றுக்கு வேலையளித்த பொருள், இன்று ஒரு சிறு பட்டறையின் அருங்கலைப் பொருளாகியுள்ளது. அதனை வாங்குவோர் செல்வர். அதனை வார்த்த கைகளுக்கு அவ்விலையில் ஒரு பங்கும் சேரவில்லை.

301இன் வரலாறு உணர்த்துவது இதுவே. அளவு கருவிகள் அதன் உறுமலைப் பற்றிக் கூறியது சரி. ஆனால் உறுமலுள்ள கருவி உடனே எறியப்படவேண்டியது என்று சந்தை முடிவு செய்தது பிழை. கனத்த பலகையொன்றே அக்குறையைப் பெருமளவு தீர்த்திருக்கும். அக்கருவி இனியது என்று ஆர்வலர் கூறியது சரி. இனிமையின் காரணம் தமக்குத் தெரியுமென்று அவர்கள் எண்ணியதே பிழை. பழையது என்னும் தீர்ப்பு அளவு, சந்தை, செவி ஆகிய மூன்றினாலும் வழங்கப்படுகின்றது. அவற்றுள் எந்த ஒன்றின் தீர்ப்பும் இறுதியானதன்று.

எனினும் அத்தீர்ப்பை மாற்றுவதற்கும் ஓர் எல்லையுண்டு. கருவியை ஒருவர் தம் மாடியிற் பாதுகாத்து வைக்கலாம். நாற்பது ஆண்டுகளின் பின் இன்னொருவர் அதனை மீட்டு இயக்கலாம். தொழிற்சாலையை அவ்வாறு பாதுகாக்க முடியாது. ஒருவரிடமிருந்து ஒருவர் கைமாறிக் கற்ற வார்ப்பும் கடைச்சலும், தொழிலாளர் கலைந்த பின்னர் மீள்வதில்லை. யப்பானிய ஆர்வலரின் செவி சுவிண்டனின் சுழல்தட்டைக் காப்பாற்றியது. சுவிண்டனைக் காப்பாற்றுவதற்கு அது காலந்தாழ்த்தி வந்துவிட்டது. பழம்பொருளைப் போற்றுவோர், அதே அக்கறையை இன்றும் இயங்கிக்கொண்டிருக்கும் பட்டறைகளின் மீதும் அவற்றிற் பணியாற்றும் கைகளின் மீதும் செலுத்துவாராயின், அப்பற்று முழுமையுடையதாகும்.